தண்டனைப் பிழைகளும் அவற்றைத் திருத்தும் வழிகளும்

குற்றவியல் வழக்கொன்றில் தண்டனை விதிக்கப்பட்டதும் வழக்கு முடிந்துவிட்டதாகவே பொதுமக்கள் கருதுகின்றனர். சட்டமும் பெருமளவுக்கு அவ்வாறே கருதுகிறது. ஒரு நீதிமன்றம் தான் அளித்த தீர்ப்பை விரும்பியபோதெல்லாம் மாற்றிக் கொண்டிருக்குமானால் வழக்குகளுக்கு முடிவே இராது. ஆயினும் நீதிபதிகளும் மனிதர்களே. சட்டம் இடங்கொடாத தண்டனையை விதித்தல், சிறைவாசக் காலத்தைக் கணக்கிடுவதில் தவறுதல், முன்னைய தீர்ப்பொன்றைத் தவறாகப் பின்பற்றுதல் ஆகியவை எந்த நீதிமுறையிலும் நேரக் கூடியவையே. எனவே, தீர்ப்பின் இறுதித் தன்மையையும் பிழைதிருத்தத்தின் தேவையையும் ஒருங்கே பேணுவதற்கான ஏற்பாடுகளை நமது சட்டம் செய்துள்ளது. எந்தப் பிழைக்கு எந்த வழி உண்டு, அவ்வழி பயன் தருவதற்கு எது இன்றியமையாதது என்பவற்றை மாணவர்களும் அதிகாரிகளும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

பம்பாயில் எழுந்த ஒரு வழக்கு

இப்பொருள் குறித்த முக்கியமான வழிகாட்டித் தீர்ப்புகளுள் ஒன்று, இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரில் எழுந்த வழக்கிலிருந்து பிறந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் பெயரில் போலி முத்திரை செய்வதற்காகப் பம்பாயிலுள்ள ஒரு நிறுவனத்தை நாடினார். போலிச் சான்றிதழ் தயாரிக்கும் முயற்சி எனக் கண்டு செஷன்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்மானித்தது. ஆனால் நீதிமன்றம் கலையும் வரை காவலும் சிறு அபராதமும் மட்டுமே தண்டனையாக விதித்தது. இது மிகக் குறைவு என்று அரசு முறையிட, பம்பாய் உயர் நீதிமன்றம் 1973 நவம்பரில் தண்டனையை மூன்றாண்டுக் கடுங்காவலாக உயர்த்தியது.

தண்டிக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது நான்காண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அதற்குள் அவர் தண்டனை முழுவதையும் அனுபவித்து முடித்திருந்தார். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் 1978-இல்தான் தமக்குக் கிடைத்தது என்பது அவர் கூறிய காரணம். நகல் எரவாடா மத்திய சிறைக்கு உரிய காலத்தில் வந்தது என்றும், அது கைதியிடம் கொடுக்கப்பட்டு, ஆளுநருக்கு அனுப்பும் மனுவுடன் இணைப்பதற்காகத் திரும்பப் பெறப்பட்டது என்றும் சிறை நிர்வாகம் விளக்கமளித்தது. கைதி அதை மறுத்தார். நகலைப் பெற்றுக் கொண்டதற்கு அவர் கையொப்பமிட்ட ரசீது எதுவும் இல்லை.

எம். எச். ஹோஸ்கோட் எதிர் மகாராஷ்டிர அரசு எனும் இவ்வழக்கில் 1978 ஆகஸ்ட் 17 அன்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார். தண்டனையை உயர்த்தியது சரியே எனக் கண்டு மனு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆயினும், தீர்ப்பின் நகலைப் பெறுவதும், வசதியற்றவர் மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவி பெறுவதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது விதியில் அடங்கிய உரிமைகள் என்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது. சிறைத்தண்டனை விதிக்கும் நீதிமன்றம் உடனடியாக இலவச நகல் தரவேண்டும்; சிறை வழியாக அனுப்பினால் சிறை அதிகாரி அதைத் தாமதமின்றிக் கைதியிடம் சேர்த்து எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் கட்டளையிட்டது. தீர்ப்பில் பிழை இருக்கிறதா என்பதை அதைப் படித்த பின்னரே எவரும் கூற முடியும் என்பதால், மற்றெல்லாப் பரிகாரங்களும் இந்த நகலிலிருந்தே தொடங்குகின்றன.

தண்டித்த நீதிமன்றத்தின் வரம்பு

1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதை என்னும் புதிய சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. பிரிவு எண்கள் மாறினவேயன்றி, இங்கு கூறப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை மாறவில்லை.

தீர்ப்பில் கையொப்பமிட்ட பின்னர், எழுத்துப் பிழையையோ கணக்குப் பிழையையோ திருத்துவதைத் தவிர அத்தீர்ப்பை எந்த நீதிமன்றமும் மாற்றவோ மறுஆய்வு செய்யவோ கூடாது என்பது பழைய சட்டத்தின் 362-ஆவது பிரிவு. புதிய சட்டத்தில் இது 403-ஆவது பிரிவாகும். கை தவறியோ தட்டச்சில் தவறியோ நேர்ந்தவையே எழுத்துப் பிழைகளாகும். இரண்டாண்டு என்று அறிவித்துவிட்டு எழுத்தில் மூன்றாண்டு என வந்திருந்தால் அதே நீதிமன்றம் அதைத் திருத்தலாம். இரண்டாண்டு அதிகம் என்று மறுநாள் தோன்றினால் திருத்த முடியாது. அது கருத்து மாற்றமாகும். உயர் நீதிமன்றத்துக்குள்ள உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டும் இத்தடையை மீற இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 1981-இல் சூரஜ் தேவி வழக்கில் தெளிவுபடுத்தியது.

மேல்முறையீடும் சீராய்வும்

கருத்துப் பிழையையும் சட்டப் பிழையையும் திருத்துவது மேல்நிலை நீதிமன்றத்தின் பணி. சட்டத்துக்குப் புறம்பான தண்டனைகள் பல வகைப்படும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க இயலாது; நான்காண்டு விதித்திருந்தால் அது அதிகார வரம்பை மீறியதாகும். சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றத்தில் அபராதம் செலுத்தத் தவறியமைக்கு விதிக்கும் சிறைவாசம், அக்குற்றத்துக்குரிய உச்சபட்ச சிறைத்தண்டனையின் நான்கில் ஒரு பங்கை விஞ்சலாகாது. குற்றம் நிகழ்ந்தபோது நடைமுறையில் இருந்த சட்டம் அனுமதித்ததைவிடக் கூடுதலான தண்டனை விதிக்கலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 20-ஆவது விதி. சத்தீஸ்கரில் 2019 மே மாதம் நிகழ்ந்த குற்றத்துக்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை என விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2025-இல் இவ்விதியைக் காட்டியே திருத்தியமைத்தது.

உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யக் காலக்கெடு 60 நாட்கள். பிற நீதிமன்றத்துக்கு 30 நாட்கள். சீராய்வு மனுவுக்கு 90 நாட்கள். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலம் இக்கணக்கிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும். சிறையில் இருப்பவர் வழக்கறிஞர் இன்றியே சிறை அதிகாரியிடம் மேல்முறையீட்டைக் கொடுக்கலாம். அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை.

முறையிட்டால் தண்டனை கூடிவிடுமோ என்ற அச்சம் பலரைத் தயங்கச் செய்கிறது. தண்டனை போதாது என்று அரசு தனியே முறையிட்டால் அது உயர்த்தப்படலாம். ஹோஸ்கோட் வழக்கில் நேர்ந்தது அதுவே. அப்போதும் காரணம் கேட்டு வாய்ப்பளித்த பின்னரே உயர்த்த முடியும். தண்டிக்கப்பட்டவர் மட்டும் செய்த மேல்முறையீட்டில் தண்டனையை உயர்த்தச் சட்டம் இடந்தரவில்லை. சீராய்வு அதிகாரத்தைத் தானாக எடுத்துக் கொண்டு உயர் நீதிமன்றம் அவ்வாறு செய்ய இயலாது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025-இல் உறுதி செய்தது.

ஆண்டுகளின் கணக்கு

தண்டனைப் பிழைகளில் எளிதில் கண்ணில் படாதவை கணக்கு சார்ந்தவை. ஒருவருக்கு மூன்று குற்றங்களுக்காக முறையே மூன்று, இரண்டு, ஓராண்டு சிறை விதிக்கப்பட்டதாகக் கொள்வோம். அவை ஏககாலத்தில் நடக்க வேண்டுமென்று தீர்ப்பு கூறினால் அவர் மூன்றாண்டு சிறையில் இருப்பார். அடுத்தடுத்து நடக்குமானால் ஆறாண்டு இருப்பார். பழைய சட்டத்தின்படி தீர்ப்பு மௌனமாக இருந்தால் அடுத்தடுத்து என்றே பொருள். ஒரே சொல் விடுபட்டதால் சிறைவாசம் இரு மடங்காகக் கூடும். புதிய சட்டத்தின் 25-ஆவது பிரிவு, குற்றத்தின் கடுமையைக் கருதி இவ்விரண்டில் எது என்று நீதிமன்றமே ஆணையிட வேண்டும் எனக் கூறுகிறது.

தனித்தனி வழக்குகளில் இந்த இடர் இன்னும் பெரிது. உத்தரப் பிரதேசத்தில் மின்சாரச் சாதனங்களைத் திருடியதாக ஒன்பது வழக்குகளில் ஒருவருக்குத் தலா இரண்டாண்டு சிறை விதிக்கப்பட்டது. ஏககாலத்தில் என்ற ஆணை இல்லாததால் மொத்தம் பதினெட்டு ஆண்டு எனச் சிறை நிர்வாகம் கணக்கிட்டது. உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனைகள் ஏககாலத்தில் நடக்கும் என ஆணையிட்டு, இதில் தலையிடாதிருப்பது பெரும் அநீதியாகும் என்று கருதியது. ஆயுள் தண்டனையைப் பொறுத்தவரை, பல ஆயுள் தண்டனைகள் அடுத்தடுத்து நடக்க இயலாது என்பதைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த முத்துராமலிங்கம் வழக்கில் அரசியல் சட்ட அமர்வு 2016-இல் தீர்மானித்தது.

விசாரணைக் காலத்தில் சிறையில் கழித்த நாட்களைத் தண்டனையிலிருந்து கழித்துக் கொள்ளும் உரிமையை 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 428-ஆவது பிரிவு முதன்முறையாக அளித்தது. ஆயுள் கைதிக்கு இக்கழிவு இல்லை என 1982-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 1985-இல் பகீரத் வழக்கில் அக்கருத்தைத் தானே மாற்றி, அவர்களுக்கும் இவ்வுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. கைதான நாள், ஜாமீனில் சென்ற நாள், மீண்டும் சரணடைந்த நாள் ஆகியவை தண்டனை வாரண்டில் சரியாகக் குறிக்கப்படாவிட்டால் இக்கழிவு ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

உச்ச நீதிமன்றத்தின் சொந்தப் பிழைகள்

மேல்முறையீட்டுக்கு இடமில்லாத நீதிமன்றமே தவறினால் என்ன செய்வது? மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த ஏ. ஆர். அந்துலே மீதான ஊழல் வழக்கை 1984-இல் உச்ச நீதிமன்றம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. தனி நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் எனச் சட்டம் கூறியிருக்க, அந்த மாற்றம் தவறானது என 1988 ஏப்ரல் 29 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. நீதிமன்றத்தின் செயலால் எவருக்கும் கேடு விளையலாகாது என்ற தொன்மையான கோட்பாடு அதற்கு அடிப்படையாயிற்று. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மறுஆய்வு செய்ய அரசியல் சட்டத்தின் 137-ஆவது விதி வகை செய்கிறது. மறுஆய்வும் தோற்ற பின்னர், அரிதினும் அரிதாக ஏற்கப்படும் குறைதீர் மனுவுக்கு 2002-இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கு வழி திறந்தது.

மரண தண்டனையில் இவ்வழிகளின் முக்கியத்துவம் பன்மடங்காகிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், குற்றத்தோடு குற்றவாளியின் சூழ்நிலையையும் ஆராய்ந்த பின்னரே தூக்குத் தண்டனை விதிக்கலாம் என அரசியல் சட்ட அமர்வு வகுத்தது. 1996-இல் ராஜஸ்தான் வழக்கொன்றில் சிறிய அமர்வு ஒன்று, குற்றத்தின் தன்மையே போதும் எனக் கூறியது. அதன்பின் பல வழக்குகள் இந்தப் பிழையான வழியைப் பின்பற்றின. மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் 2003-இல் நிகழ்ந்த கொலை வழக்கு அவற்றுள் ஒன்று. அதில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அறுவரில் மூவரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகப் பம்பாய் உயர் நீதிமன்றம் குறைத்திருந்தது. 2009 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அறுவருக்கும் தூக்கு என உயர்த்தியது. இரண்டே வாரங்களில், மே 13 அன்று, அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு பச்சன் சிங் தீர்ப்பைக் கவனியாமல் அளிக்கப்பட்டது என அறிவித்தது. இதுவும் மகாராஷ்டிர வழக்கே. பிழையான அடிப்படையில் தூக்கு விதிக்கப்பட்டோரின் தண்டனையைக் குறைக்குமாறு முன்னாள் நீதிபதிகள் பதினால்வர் 2012-இல் குடியரசுத் தலைவருக்கு எழுதினர். ஜால்னா வழக்கின் அறுவரும் 2019 மார்ச் 5 அன்று மறுஆய்வில் குற்றமற்றவர்கள் எனவே விடுவிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஆணை பிறந்தது. ஆனால் அந்த 1996-ஆம் ஆண்டு வழக்கில் தண்டிக்கப்பட்டவர் அவ்வாண்டிலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை எந்தத் திருத்தமும் பயன்படாது.

குற்றம் நிகழ்ந்தபோது ஒருவர் சிறுவராக இருந்தார் என்ற வாதத்தை வழக்கு முற்றும் முடிந்த பின்னரும் எழுப்பலாம் என்பது மற்றொரு தனிவழி. 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்று 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவர், நிகழ்ச்சியின்போது பன்னிரண்டு வயதினர் எனக் கண்டு, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரது வயதை நிறுவியது ஒரு பள்ளிப் பதிவேடு.

ஆணை சிறையை எட்டுதல்

திருத்தம் செய்யப்பட்டாலும் அது சிறைக்கு எட்டாவிடில் பயனில்லை. ஒரே குற்றத்துக்காக மூவர் தூக்குத் தண்டனை பெற்ற உத்தரப் பிரதேச வழக்கொன்றில், ஒருவரின் தண்டனை உச்ச நீதிமன்றத்தால் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அவருக்கு இணையான பங்குடைய மற்றொருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங் தொடுத்த மனுவினாலேயே இவ்வேறுபாடு வெளிவந்தது. 1982-இல் அளித்த தீர்ப்பில், தூக்கிலிடும் முன்னர் உடன் தண்டிக்கப்பட்டோரின் தண்டனை குறைக்கப்பட்டுள்ளதா என்று சிறைக் கண்காணிப்பாளர் உறுதி செய்து கொள்ள வேண்டும் என நீதிமன்றம் பணித்தது.

சத்தீஸ்கரில் ஒருவரின் பன்னிரண்டு ஆண்டுச் சிறையை உயர் நீதிமன்றம் 2018-இல் ஏழாண்டாகக் குறைத்தது. அவரோ பத்தாண்டுக்கு மேல் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஏழரை லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. நீதிமன்ற ஆணைகளை மின்னணு முறையில் சிறைகளுக்கு அனுப்பும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் தொடங்கியிருப்பது இக்குறையைப் போக்கும் முயற்சியாகும்.

நகலும் மொழியும்

மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். மராத்தியும் இந்தியும் பேசப் பழகியவர் இவர்களில் பலர். ஆனால் சட்ட நடையில் எழுதப்பட்ட மராத்தி அல்லது ஆங்கிலத் தீர்ப்பைப் படித்துப் பொருள் கொள்வது வேறு. இத்தகையோருக்காகவே சட்டம் ஒரு வழி வைத்துள்ளது. தண்டனை பெற்றவர் விரும்பினால், இயலுமானவரை அவரது தாய்மொழியிலேயே தீர்ப்பின் மொழிபெயர்ப்பை இலவசமாகத் தரவேண்டும் என்பது பழைய சட்டத்தின் 363-ஆவது பிரிவிலும் புதிய சட்டத்தின் 404-ஆவது பிரிவிலும் உள்ளது. ஆனால் அவர் கேட்டால்தான் இது கிடைக்கும். கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில ஆண்டுகளாகத் தமிழிலும் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஆயினும் சாதாரணக் கைதியின் கதியை நிர்ணயிப்பது மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களின் தீர்ப்புகளே.

சிறையில் உள்ள எவரும், வருமானம் எதுவாயினும், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர். 2024 அக்டோபர் 23 அன்று சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் ஒருபடி வளர்த்தது. மேல்முறையீட்டுக்கு இலவச உதவி உண்டு என்பதையும், அதற்கு அணுக வேண்டிய குழுவின் முகவரியையும் தெரிவிக்கும் முகப்புத் தாளைத் தண்டனைத் தீர்ப்பின் நகலோடு இணைக்க உயர் நீதிமன்றங்கள் வகை செய்வதைப் பரிசீலிக்குமாறு கூறியது. 1978-இல் நகல் கைதியின் கையைச் சேர வேண்டும் என்ற நீதிமன்றம், 46 ஆண்டுகள் கழித்து, அதை வைத்துக் கொண்டு அடுத்து என்ன செய்யலாம் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும் எனக் கருதியது.

அதிகாரிகள் நிறைவேற்ற வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. தீர்ப்பு நகல் கொடுத்த நாளைப் பதிவேட்டில் குறித்துக் கைதியின் கையொப்பம் பெறுதல், அவர் அறிந்த மொழியில் தண்டனையை விளக்குதல், மொழிபெயர்ப்பு வேண்டுமா எனக் கேட்டல், விசாரணைக் காவலின் நாட்களைக் கூட்டிச் சரிபார்த்தல், பல தண்டனைகள் இருப்பின் அவை ஏககாலத்திலா அடுத்தடுத்தா என்பதில் ஐயம் எழுந்தால் நீதிமன்றத்திடமே தெளிவு கேட்டல், உரிய காலக்கெடுவுக்குள் சிறை மேல்முறையீட்டை அனுப்புதல் ஆகியவை அக்கடமைகள். மேலே கண்ட வழக்குகள் பலவற்றில், ஒரு பதிவேட்டின் பதிவோ, ஒரு ரசீதோ, ஒரு சொல்லோ உரிய காலத்தில் உரிய இடத்தில் இருந்திருந்தால் மனிதர்கள் பல ஆண்டுகளைச் சிறையில் இழந்திருக்க மாட்டார்கள்.